திறந்த படலை

ஞாயிறுகளில் இரண்டு மணித்தியாலம் மட்டும் சுதர்சினி படலையைத் திறந்துவிடுகிறாள். மகள் தேனுகாவிடம் தகாத முறையில் நடந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட பக்கத்து வளவுப் பெரியப்பா, நீதிமன்றக் கட்டளைப்படி பொலிசில் கையெழுத்துப் போடச் சைக்கிளில் போய்வரும் நேரம் அது. அவரைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர் எவரும் இவளுடன் கதைப்பதில்லை. வட்டக்கச்சி வாய்க்காலில் வெயில் ஏறிவிட்டது. தேனுகா செருப்பைப் போட்டுக்கொண்டு, பந்தை இடுப்பில் இடுக்கியபடி நிற்கிறாள். வேலிக்கு அப்பால் சைக்கிள் சுவரில் சாத்தியபடியே இருக்கிறது. அவருடைய இருமல் கேட்கிறது.

“பெரியப்பா இன்னும் வெளிக்கிடேல்லையே, அம்மா? பிந்திப் போனா பெட்டையள் என்னைக் கோல் காக்கத்தான் விடுவாளவை.”

ஒரு கிழமையாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சுதர்சினி, படலைக் கம்பியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டே சொல்கிறாள்.

“அவர் இனிப் போகமாட்டார், பிள்ளை. கோட்ஸ் ஓடர் முடிஞ்சுது.”