குரல் பழகும் வரை

“ஒரு வாரத்துக்குத் தொடாதீங்கம்மா, பயந்துபோயிருக்கு,” என்றார் கடைக்காரர், ஹாம்ஸ்டர் என்னும் குட்டி வளர்ப்பெலி இருந்த கூண்டை நீட்டியபடி. “பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுங்க. உங்க குரல் பழகிட்டா தானா வெளியே வரும்.”

மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமாகியும், அலுவலகம் விட்டால் அமுதவல்லிக்குப் பேச ஆள் கிடையாது. ஹாம்ஸ்டர் மரத்தூளுக்குள் புதைந்தே கிடந்தது. முதல் நாள் கூண்டருகே உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள், ரசத்தில் உப்பு கூடிப்போனதைச் சொன்னாள். அதற்கடுத்த நாள், மேல்வீட்டில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவரைப் பற்றி அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது. “அவரொண்ணும் என்னைத் துரத்தல. நானாத்தான் கிளம்பினேன். தடுப்பார்னு நெனச்சு வாசல்ல செருப்பைக்கூட மெதுவாத்தான் மாட்டினேன்.”

மரத்தூள் அசைந்தது. ஒரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்து, காற்றை முகர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றதும் மூக்கு உள்ளே போய்விட்டது.

“இரு, இன்னும் சொல்லி முடிக்கல,” என்று கூண்டை நெருங்கி உட்கார்ந்தாள்.