கேட்டைத் தாண்டும் வரை

யுவராணி தண்ணீர் பாட்டிலின் மூடியில் கை வைத்தாள்.

அடுத்த இடத்தில் ஹேமாவதி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"குடி. குடிச்சிட்டு அப்டியே டோக்கனையும் மாட்டிகினு போ. நான் இங்க குந்திகினு ஈ ஓட்டிகினு கீறேன்."

மணி எட்டே முக்கால்தான் ஆகியிருந்தது.

நாலாவது லைனில் நாற்பது பேர். ஏற்றுமதிக்குப் போகும் ஆண்கள் சட்டை. யுவராணி தோள்பட்டையை இணைத்துத் தள்ளினால்தான் ஹேமாவதி காலர் வைக்க முடியும். யுவராணி எழுந்து போனால், துணி வந்து விழும் ஹேமாவதியின் தட்டு காலி. பின்னால் வரிசையாக எல்லோர் தட்டும் காலி.

அந்தப் பெண் ஒரு நாளைக்கு நாலு தடவை எழுந்து போவாள்.

டாய்லெட்டுக்குப் போக வேண்டுமென்றால், சூப்பர்வைசர் மேஜைப் பக்கத்து ஆணியில் தொங்கும் நீல டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே டோக்கன். பத்தொன்பது வருஷத்தில் ஹேமாவதி அதைத் தொட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. காலையில் ஒரு டம்ளர் காப்பி. அதன் பிறகு சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். நடுவில் நாக்கு வறண்டால் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வாள்.

வந்த முதல் வாரமே யுவராணி கேட்டாள், "நாப்பது பேருக்கு ஒரு டோக்கன்னு எந்த மகராசன்க்கா கணக்கு போட்டது?"

சுற்றியிருந்தவர்கள் மெஷினை மிதித்தபடியே சிரித்தார்கள். ஹேமாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தவர்கள் எல்லாம் முட்டாள்களா?

எட்டு மணி நேரச் சம்பளத்துக்கு எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் உடம்பைக் கொடுக்க முடியாது என்பாள் யுவராணி. சாயங்காலம் பெல் அடித்தால் பாதித் தையலில் ஊசியை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவாள்.

ஆனால் இன்றோடு அவளுடைய மூன்று மாத சோதனைக் காலம் முடிகிறது. மணிக்கு அறுபது சட்டை வர வேண்டும். அவள் ஐம்பதைத் தாண்டியதே இல்லை.

"இன்னிக்கும் வரலன்னா, திங்கக்கிழம வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க இட்டுகினு வந்த பொண்ணு," என்று சூப்பர்வைசர் மோகன் காலையிலேயே ஹேமாவதியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

யுவராணி பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை.

"உங்கள மாரி என்னையும் இடுப்புல கல்லு சேத்து வெக்க சொல்றீங்களாக்கா?"

ஹேமாவதியின் பாபின் டப்பாவுக்கு அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு நாலாக மடிந்து கிடந்தது. ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி இரண்டு முறை தாண்டிவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, எட்டு டம்ளர் என்று கூசாமல் சொல்லியிருந்தாள்.

"வேல வேணுமா, வேணாமா? அத்த மட்டும் சொல்லு."

யுவராணி மூடியைத் திருகி இறுக்கி, பாட்டிலைக் காலடியில் வைத்தாள்.

ஒன்பதரை மணிக்குப் பலகையில் யுவராணியின் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு என்று எழுதினார்கள். பத்தரைக்கு அறுபது.

டீ வந்தபோது யுவராணி வேண்டாமென்று தலையாட்டினாள். மதியம் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தகரக் கூரை கொதித்தது. யார் யாரோ டோக்கனை மாட்டிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். யுவராணி தலை நிமிரவில்லை.

ஹேமாவதியின் தட்டு ஒரு முறைகூடக் காலியாகவில்லை. மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தான். நியாயமாகப் பார்த்தால் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் கூடிக்கொண்டே போனது. யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலர் ஒன்று கோணிக்கொண்டு போனது. பிரித்துத் தைத்தாள்.

மூன்று மணிக்கு யுவராணி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

ஹேமாவதி கிராம்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

யுவராணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்குப் பெல் அடித்தது. யுவராணியின் மெஷின் நிற்கவில்லை. கையிலிருந்த சட்டையை முடித்துத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள். எழுந்தவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

பலகையில் அறுபத்திரண்டு.

"உங்க கை அப்டியே வந்துட்ச்சுக்கா இதுக்கு," என்றான் மோகன். "திங்கக்கிழம வந்துடும்மா."

இருவரும் கேட்டை நோக்கி நடந்தார்கள்.

ஒரே லைனில் தாயும் மகளும் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. முதல் நாள் கள்ளிக்குப்பத்தில் வீட்டைப் பூட்டும்போதே ஹேமாவதி மகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டைத் தாண்டும் வரை நான் உனக்கு அக்கா.

தினமும் கேட்டுக்கு வெளியே முதல் அடி வைத்ததுமே, "எம்மா, பசிக்குதும்மா" என்பாள் யுவராணி. மூன்று மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

கேட்டைத் தாண்டினார்கள். பெட்டிக்கடையைத் தாண்டினார்கள். பஸ் ஸ்டாப் வந்துவிட்டது.

யுவராணி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். காலையில் ஹேமாவதி நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது.

"இந்தாங்கக்கா," என்று நீட்டினாள். "நீங்க குடிங்க."