உண்ணிச்செடி

ஆற்றங்கரை அரித்துப்போகாமலிருக்க நொச்சியும் வெட்டிவேரும் நட்டுப் பராமரிக்கும் தன்னார்வலர்களில் தமயந்தியும் ஒருத்தி. போன ஞாயிற்றுக்கிழமை நொச்சிகளுக்கு நடுவே களையாக முளைத்திருந்த உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கி எறிந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்று அதே இடத்தில் அது நின்றது. அடியில் மண் ஈரமாக இருந்தது. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று குழம்பியபடி குனிந்து அதன் தண்டைப் பிடித்தாள். "விட்டுடுங்கம்மா" என்று பின்னால் குரல் கேட்டது. ஒருவர் தண்ணீர்க் குடத்துடன் நின்றிருந்தார். "எம் பொண்ணு வெச்சது. நீங்க பிடுங்கிப் போட்டதை எடுத்து நான்தான் திரும்ப நட்டேன். போன வருஷம் உங்க ஆளுங்களோடதான் வந்தா. இப்ப அவ இல்ல." தமயந்தி மெதுவாக, "குருவிங்க இந்தப் பழத்தைத் தின்னு கரை முழுக்கப் பரப்பிடும்ங்க. நொச்சியெல்லாம் செத்துடும்" என்றாள். அவர் குனிந்து ஒரு கையால் இலையிலிருந்த மண்ணைத் துடைத்தார். "சரி, காய்க்க விடாதீங்க. பூவிலேயே கிள்ளிடுங்க." "பூவுக்காகத்தானேம்மா வெச்சா" என்றார் அவர். பிடுங்குவதா, விடுவதா என்று தெரியாமல் அவள் தண்டைப் பிடித்தபடியே இருந்தாள். அவர் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் அவள் கைமேல் விழுந்து வேருக்கு இறங்கியது.