திறந்து வைத்த கதவு

இனி அடக்க முடியாது.

முதல் அறையை அப்போதுதான் கழுவி முடித்திருந்தாள். பீங்கான் பளிச்சென்று இருந்தது. பினாயில் நெடி மூக்கில் ஏறியது. கையில் பிரஷ்ஷோடு நின்றபடியே கால்களை இறுக்கிக்கொண்டாள்.

காலையிலிருந்து ஒன்றரை லிட்டர் குடித்திருந்தாள். தாகம் ஒன்றும் இல்லை. டாக்டர் சொல்லிக் குடித்தது.

இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து படுத்தாயிற்று. போன தடவை காய்ச்சல் நூற்றுமூன்றைத் தொட்டது. டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். தண்ணியும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் அடுத்த தடவை கிட்னியில் போய் நிற்கும் என்றார். சாயங்காலத்துக்குள் மூன்று லிட்டர் உள்ளே போயாக வேண்டும் என்றார்.

குடித்துவிடலாம். போவது எங்கே?

அதை அந்தம்மாவிடம் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது கக்கூஸ் கழுவுகிறவள், போக இடமில்லை என்று எந்த வாயால் சொல்வாள்?

இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இருக்கிறது. தரைக்குக் கீழே, கார் நிறுத்துகிற இரண்டாவது அடுக்கின் கோடியில். இவளுக்கு வேலை ஏழாவது மாடி ஆபீஸில். சாமான் ஏற்றுகிற லிஃப்டில்தான் இறங்க வேண்டும். பதினொரு மணிக்கு அதை டீ டிராலிகள் பிடித்துக்கொள்ளும். போய் வர அரைமணி ஆகும். கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளில் மணிக்கு ஒரு கட்டம்; கழுவி முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் போன் அடித்துவிடுவார்.

மேல்மாடிகளில் உள்ளதில் நீங்கள் போகக்கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எழுதுவானேன்? ஐந்தாவது மாடி வேதவல்லி போனாள். யாரோ பார்த்துவிட்டார்கள். மறுநாள் அவளுடைய நீலக் கோட்டு வேறொருத்தி உடம்பில் இருந்தது.

அவ்வளவுதான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அடிவயிறு சுருக்கென்றது.

நான்கு கதவுகள். கழுவிய அறையின் கதவை அகலத் திறந்து வைப்பாள். கழுவாததைச் சாத்தி வைப்பாள். அவள் சொல்லாமலே மாடியில் உள்ள பெண்களுக்கெல்லாம் அது பழகியிருந்தது. திறந்திருப்பதில்தான் நுழைவார்கள். இப்போது முதல் கதவு மட்டும் திறந்திருந்தது.

போனால் போகட்டும்.

உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எரிச்சல் ஒரு பக்கம் உயிரை வாங்கியது. அதையும் மீறி, அப்பாடா என்று இருந்தது. நாலு வருஷமாகத் தேய்க்கிற பீங்கான். இன்றைக்குத்தான் உட்கார்கிறாள். இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று தெரியாது.

அப்புறம்தான் நினைவு வந்தது.

மஞ்சள் பலகை.

'தரை ஈரம்' என்று எழுதிய அந்தப் பலகையை வாசலில் வைத்துவிட்டால் ஈ காக்கை உள்ளே வராது. தினமும் முதல் வேலையே அதுதான். வந்த அவசரத்தில் வைக்க மறந்துவிட்டாள். வாளிக்குப் பக்கத்தில், உள்ளேயே சாய்ந்து கிடக்கிறது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

தண்ணீர் விட்டாள். துடைத்தாள். மருந்து அடித்து மறுபடியும் துடைத்தாள். எத்தனை நேரம் உள்ளேயே இருக்க முடியும்? வெளியே வந்தவள், கை பழகிய பழக்கத்தில், கதவை அகலத் திறந்து வைத்தாள்.

கண்ணாடி முன்னால், அந்த மாடி ஆபீஸில் வேலை பார்க்கும் மிருதுளா நின்றிருந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. இந்தப் பெண் என்றால் பயமில்லை. கக்கூஸ் கழுவுகிற இவளை மாடி முழுக்க ஹவுஸ்கீப்பிங் என்றுதான் கூப்பிடும். வேலைக்குச் சேர்ந்த வாரமே பெயரைக் கேட்டு, பூங்காவனம் என்றதும் அதைச் செல்லமாகச் சுருக்கி வைத்துக்கொண்டவள் மிருதுளா ஒருத்திதான். சாப்பிட்டாயிற்றா என்று தினம் கேட்பாள். டிபன் டப்பாவை நீட்டி எடுத்துக்கொள்ளச் சொல்வாள்.

மிருதுளா சிரித்தாள்.

திறந்திருந்த கதவைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். மறுபடியும் கதவைப் பார்த்தாள்.

பிறகு, சாத்தியிருந்த இரண்டாவது கதவைத் தள்ளினாள்.

"அது இன்னும் கழுவலைம்மா."

வாய் தன்னால் சொல்லிவிட்டது. கொஞ்சம் முன்னால்தான் அதை எட்டிப் பார்த்துச் சாத்தியிருந்தாள். தண்ணீர் விடாமல் போயிருந்தாள் எவளோ ஒருத்தி. பழகிய இவளுக்கே குமட்டியது.

"பரவால்ல பூங்காக்கா."

குரலில் துளி கோபம் இல்லை. எப்போதும் உள்ள அதே பிரியம். தாழ் விழுந்தது.

திட்டியிருந்தால் தேவலை. மனசுக்குள்ளாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம். இதற்கு என்ன கொடுப்பது?

மிருதுளா வெளியே வந்து சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். வாசல் சுவரில் மூன்று முகம் போட்ட மெஷின் இருக்கிறது. சுத்தமாக இருந்தால் பச்சை முகத்தை அழுத்த வேண்டும். இல்லையென்றால் சிவப்பு. அவள் பச்சையை அழுத்தினாள். திரும்பிப் பார்த்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

சொல்லவும் மாட்டாள். நல்ல பெண். வேலை தப்பித்தது.

பூங்காவனம் மஞ்சள் பலகையை எடுத்துப் போய் வாசலில் வைத்தாள்.

இரண்டாவது அறைக்குத்தான் போக வேண்டும். போகவில்லை. முதல் அறைக்குள் நுழைந்து பினாயிலை ஊற்றினாள். கழுவியதை மறுபடியும் கழுவினாள். தோள் விட்டுப்போகும்வரை தேய்த்தாள். பிறகு மற்ற மூன்றையும் முடித்தாள். நான்கு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள். தாளில் பதினொரு மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜன்னலோரத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. இன்னும் பாதி இருந்தது.

மூடியைத் திறந்தாள்.

மாப்பு வாளியில் கவிழ்த்தாள்.