வித்துத் தொலைங்க

சமையலறைக் கதவு வழியாகக் கார்புரேட்டர் பறந்து வந்து கொல்லைப்புறத்தில் விழுந்தது. பின்னாலேயே, அதை ஊறப்போட்டிருந்த பாத்திரமும் வந்தது.

“பால் காய்ச்சுற பாத்திரம் அது. அதுல பெட்ரோலை ஊத்தி வச்சிருக்கீங்க. நாளைக்கு நான் ஒரு வாய் காபி குடிச்சுட்டு ஸ்டார்ட் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?”

“நீயாவது ஸ்டார்ட் ஆயிட்டியேன்னு சந்தோஷப்படுவேன்” என்றார் லிஃப்ட்காரர்.

“வித்துத் தொலைங்க அந்தத் தகரத்தை. இன்னைக்கு அந்தப் பல் டாக்டர் பாக்க வர்றாருல்ல, அவர் தலையில கட்டிடுங்க.”

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர் அவர். ஊரில் அத்தனை பேரை மேலே ஏற்றிவிட்டவரால், ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய காரை மட்டும் வாசல்வரை நகர்த்த முடியவில்லை. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வாங்கியது. மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, வண்டிக்கு இன்னும் பிரேக் அமையவில்லை.

மனைவி தினமும் விற்கச் சொன்னாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் இந்த டாக்டரைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

ஆனால் பெண்டாட்டி சொல்லி ஒன்றைச் செய்தார் என்ற கெட்ட பேரை லிஃப்ட்காரர் இதுவரை எடுத்ததில்லை. அவள் பச்சை பெயின்ட் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்தால்தான் அந்தக் கார் பச்சையாக நின்றது.

ஒருமுறை அவருக்கே வெறுத்துப்போய், ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு வாரம் லீவு போட்டு வீட்டுக்குள் இருந்தார். சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். அடுப்பைக் குறைக்கச் சொன்னார். வெங்காயம் வெட்டும் கோணத்தைத் திருத்தினார். வாரக் கடைசியில் மனைவி, “அப்பாடா, இனிமே காரை வித்துத் தொலைச்சிடலாம்” என்றாள். மறுநாள் விடிந்தபோது அவர் காருக்கு அடியில் கிடந்தார்.

நேற்றும் அப்படித்தான் கிடந்தார். ஆனால் மடங்கிய முழங்கால் நிமிரவில்லை. இப்படியே செத்துப்போனால் ஆக்சிலும் தானும் ஒன்றாகத் துருப்பிடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தபடி, ஆமைபோல் ஊர்ந்து வெளியே வந்தார். அப்போதுதான் முதன்முறையாக அது தோன்றியது. பாவம், எத்தனை வருஷமாகச் சொல்கிறாள்.

பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பானெட்டைத் தூக்கி, சட்டைப்பையிலிருந்த டார்ச்சை அடித்து, நோயாளியை ‘ஆ’ காட்டச் சொன்னவர்போல் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“யாரோ ரொம்ப ஆசையா வேலை பாத்திருக்காங்க சார்.”

“ஆசையெல்லாம் சரிதான். வேலைதான் தெரியலை.”

“அப்படிச் சொல்லாதீங்க. வயரிங் அவ்வளவு சுத்தமா இருக்கு. கார்புரேட்டரைத் திருப்பி மாட்டிட்டா பிரேக் ஒண்ணுதான் பாக்கி. இந்த நேரத்துல போய் ஏன் விக்கிறீங்க?”

லிஃப்ட்காரர் மட்கார்டின்மேல் கை வைத்தார். ஆளைத் துரத்துவதற்கு இன்ஜினில் விரிசல், அடித்தகட்டில் ஓட்டை என்று நாலு பொய்களைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை.

“வீட்டுல சொன்னாங்க” என்றார். அந்த வாக்கியம் அவருக்கே புதிதாக இருந்தது.

“நல்லா வச்சுக்குவேன் சார். இழுத்துட்டுப் போற வண்டி தெருமுனையிலதான் நிக்குது. இதோ கூட்டிட்டு வந்துடுறேன்.”

டாக்டர் போனதும் ஷெட் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. லிஃப்ட்காரர் மூக்கைச் சிந்தினார். பிறகு, யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டு, தியாகியின் நடையில் சமையலறைக்குள் நுழைந்தார்.

“குடுத்துட்டேன்.”

“எதை?”

“காரை. நீ ஆசைப்பட்ட மாதிரியே. இனிமே ஷெட்டுப் பக்கமே போகமாட்டேன். காலையில எந்திரிச்சதிலேர்ந்து தூங்குறவரைக்கும் உன் கூடத்தான் இருக்கப்போறேன்.” சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “முதல்ல இந்த அலமாரியை ஒழுங்குபண்ணணும்.”

அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. ஆனந்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவள் அடுப்பை அணைத்தாள். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். கேட்டுக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்த இழுவை வண்டிக்கு நேராகப் போய், இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

“டாக்டர், காரை எடுத்துட்டுப் போறதா இருந்தா இந்த மனுஷனையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. முடியாதுன்னா ரெண்டும் இங்கேயே கிடக்கட்டும்.”

டாக்டர் காரைப் பார்த்தார். மனுஷனைப் பார்த்தார். வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த லிஃப்ட்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஏண்டி, நீதானே இத்தனை வருஷமா வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்கன்னு என் உயிரை எடுத்தே?”

“நான் சொல்லி நீங்க என்னைக்கு எதைக் கேட்டிருக்கீங்க? அந்தத் தைரியத்துலதான் சொன்னேன்.”