பூஜ்யம் புள்ளி ஆறு

பூஜ்யம் புள்ளி ஆறு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, ரிசல்ட் தாளை இன்னொரு தடவை படித்தார். மகள் மௌனிகாவின் பெயர். வயது பத்தொன்பது. வெறும் வயிற்று இன்சுலின் 0.6.

லேப் கவுன்டரில் நின்றபடியே சிரித்துவிட்டார்.

சிரிக்க மாட்டாரா பின்னே? அவருக்கு முதல் தடவை பார்த்தபோது இருபத்து நாலு. சோற்றை விட்டு, இட்லியை விட்டு, மாம்பழ சீசனில் வீட்டுக்குள் ஒரு மாம்பழம் வராமல் காவல் காத்து, ஒன்றரை வருஷம் முட்டையும் பனீரும் வெண்ணெயுமாகத் தின்று அதை ஏழுக்குக் கொண்டுவந்த மனுஷன். சுகர் மாத்திரை மூன்றும் நின்றது. தொப்பை போனது. சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். இருநூற்றுச் சொச்சம் பேர், எல்லாருக்கும் இவர் அண்ணா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் வந்தால் இன்சுலின் எண்ணைப் போட வேண்டும். அது மட்டும் போதும். குறையக் குறையக் கைதட்டல். ஐந்துக்குக் கீழே வந்தவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

ஒன்றுக்குக் கீழே இதுவரை யாரும் வந்ததில்லை.

குழுவில் எண்ணைப் போட்டார். பக்கத்தில் 'என் மகள்' என்று எழுதினார்.

போன் திரையில் கைதட்டும் மஞ்சள் கைகளாகக் கொட்ட ஆரம்பித்தது. 'அப்பாவையே முந்திட்டாளே அண்ணா' என்று ஈரோட்டிலிருந்து ஒருவர்.

"டாக்டரம்மா உங்ககிட்டப் பேசணும்னாங்க. கொஞ்சம் உக்காருங்க சார்" என்றாள் கவுன்டர் பெண்.

உட்கார்ந்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தார். அவர் நினைப்பு அப்படி ஓடியது, என்ன செய்ய.

மௌனிகாவுக்கு சுகர் என்று தெரிந்து மூன்று மாதம். காலேஜ் ஹாஸ்டலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் நாலு வேளை ஊசி எழுதினார்கள். ஆயுசுக்கும் என்றார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெற்ற மனசு தாங்கவில்லை.

"எனக்கும் ஆயுசுக்கும் மாத்திரைன்னுதான் சொன்னாங்க. என்ன ஆச்சு?" என்று வீட்டில் கேட்டார்.

அவளுக்கும் அதே தட்டு வைத்தார். ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பன்னிரண்டு நாளாக ஊசியே இல்லை.

மெலிந்தாள். கொழுப்பு கரையுது என்றார்.

வாயில் பழ வாடை அடித்தது. அது நல்ல அறிகுறி என்றார்.

வீட்டு மீட்டர் முந்நூறு காட்டியது. உடம்பு பழகும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

நேற்றுக் காலையில் லேப் ஆள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார். மத்தியானம் வாந்தி எடுத்தாள். எலுமிச்சை பிழிந்து உப்புத் தண்ணீர் கொடுத்தார்.

எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன பதில்கள்தான் அத்தனைக்கும் காரணம்.

சாயங்காலம் அவள் கேட்டாள். கெஞ்சவெல்லாம் இல்லை, சும்மா கேட்டாள். "அப்பா, ஒரே ஒரு ஊசி போட்டுக்கட்டுமா?"

"இத்தனை நாள் பட்ட கஷ்டம் வீணாப் போயிருமே கண்ணு."

சரி என்று தலையாட்டினாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு நம்பிக்கை.

டாக்டரம்மா நடையும் ஓட்டமுமாக வந்தார். கையில் அதே தாளின் நகல்.

"நீங்கதான் அப்பாவா?"

"ஆமாங்க." எழுந்து நின்றார். "எனக்கு இருபத்து நாலுங்க, ஏழாக் கொண்டாந்தேன். பொண்ணு என்னையே முந்திட்டா."

அந்தம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப் போகிறவர் மாதிரி இருந்தது. திட்டவில்லை.

"சார், உங்க உடம்புல இன்சுலின் ஏகத்துக்கும் சுரந்துச்சு. அதைக் குறைச்சீங்க, நல்லதாச்சு. உங்க பொண்ணுக்குக் குறையல. சுரக்கறதே நின்னு போச்சு. வெளியில இருந்து போடற ஊசிதான் அவளுக்கு உசுரு. இதோ சர்க்கரை நானூத்திப் பத்து இருக்கே, இதை நீங்க பாக்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஒரே ஒரு எண்.

"கடைசியா எப்ப ஊசி போட்டா?"

"பன்னெண்டு நாளாச்சுங்க."

"இப்ப எங்க இருக்கா?"

"வீட்லதாங்க. காலையில இருந்து தூங்கறா."

அந்தம்மாவின் முகம் மாறியதை அவர் பார்த்தார்.

"உடனே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு" என்று அந்தம்மா கவுன்டரைப் பார்த்துக் கத்தினார். இவரிடம் வீட்டு விலாசம் கேட்டார்கள். குடியிருக்கும் தெருவின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.

போனை எடுத்தார். திரை நிறையக் கைதட்டல். மனைவி பெயரைத் தேட விடாமல் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. விரலால் தள்ளினார், தள்ளினார்.

ஒரே மணியில் ருக்மணி எடுத்தாள்.

"ருக்கு, பாப்பாவை எழுப்பு. வண்டி வருது. மொதல்ல அவளை எழுப்பு."

"அரை மணி நேரமா எழுப்பிட்டேதானுங்க இருக்கறேன்."