கைக்கு எட்டும் உயரம்

கோல் இரண்டாகி விழுந்தது.

அவள் கையில் பாதி. பிரஸ்ஸின் வாய்க்குள் பாதி.

பிரஸ் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

நிற்கிறதா என்று பார்க்கத்தான் வெளிக் கம்பெனியிலிருந்து அவளை வரவழைத்திருந்தார்கள். தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் இயந்திரம் அது. முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள். ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள், மேலிருந்து கீழ்வரை வரிசையாக. குறுக்கே விரல் நுழைந்தாலும் கதிர் அறுபடும். அறுபட்டதும் பாதுகாப்புக் கன்ட்ரோலர் பிரஸ்ஸை நிறுத்தும். நிறுத்துகிறதா என்று ஒவ்வொரு இடமாகக் கோலை நீட்டிப் பார்த்து, நிறுத்துகிறது என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

மேலே நீட்டினாள், நின்றது. கீழே நீட்டினாள், நின்றது.

இங்கே மட்டும் நிற்கவில்லை.

தூணைப் பார்த்தாள். கதிர் வரும் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

காலையில் மெயின்டனன்ஸ் சம்பங்கி பெருமையாகச் சொல்லியிருந்தான். "பொட்டு வெக்கலேன்னா இந்த பிரஸ் ஓடவே ஓடாது மேடம்."

காலையில் அவளும் சிரித்திருந்தாள்.

இப்போது லேப்டாப்பைத் திறந்து, கன்ட்ரோலருக்குள் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தாள். அந்த இடத்துக்கென்று செய்த மாற்றமும், செய்தவன் பெயரும், தேதியும் அதில் இருந்தன.

ஆயுத பூஜையன்று பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டு கதிர்களை மறைத்திருக்கிறது. பிரஸ் ஓட மறுத்திருக்கிறது. பொட்டை அழித்துவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சம்பங்கி சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். அந்த இடத்துக் கதிர்கள் எப்போதும் அறுபட்டேதான் இருக்கும், கண்டுகொள்ளாதே என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிவிட்டான்.

கன்ட்ரோலர் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கண்டுகொள்ளவில்லை. பொட்டு உதிர்ந்து கதிர் தெரிந்தால்தான் அதற்குச் சந்தேகம் வரும், நின்றுவிடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பொட்டு. வைத்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் நிற்கிறது. ஷெட் முழுக்க இதைச் சாமி காரியமாகவே நம்பியது.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

"ரெண்டு வருஷமா ஓடுது மேடம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல," என்றார் மேனேஜர் கிருபாகரன். குரலில் தேன் சொட்டியது. "ஒரு பொட்டு அளவு எடந்தானே. கையெழுத்துப் போடுங்க, அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். லோடு கெளம்பணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. கிருபாகரன் ஒரு போன் போட்டால் போதும், அவள் கம்பெனிக்கு இந்தப் பக்கம் இனி வேலை கிடையாது.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

பிரஸ்ஸை நிறுத்தினாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். தூணில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்த பிரஸ்ஸை ஓட்டுகிறவள் மாதம்மாள். பேச்சில் தலையிடாமல் ஓரமாக நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமைப் பொட்டு வைப்பதும் அவள்தான். இன்றைய குங்குமம் இன்னும் மோதிர விரலில் ஒட்டியிருந்தது.

"அக்கா, அடிச்ச பீஸை உள்ளேருந்து எப்படி எடுப்பீங்க? சும்மா ஒரு தடவ காட்டுங்க," என்றாள் மாதம்மாளிடம்.

மாதம்மாள் வழக்கமான இடத்தில் வந்து நின்றாள். கையை நீட்டினாள்.

கை நேராக உள்ளே போனது. பொட்டுக்கு நேராக.

உயரம் இம்மியும் பிசகவில்லை.

எப்படிப் பிசகும்? பொட்டு வைத்த கையும் அதுதானே. தனக்கு எட்டும் உயரத்தில் வைத்தாள். தனக்கு எட்டும் உயரத்தில்தான் பீஸையும் எடுக்கிறாள், பொழுதெல்லாம்.

உள்ளே கிடந்த பாதிக் கோல் மாதம்மாள் விரலில் பட்டது. எடுத்தாள். வெட்டுப்பட்ட முனையைத் தடவிப் பார்த்தாள்.

கோலையும் தன் மணிக்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேடை மேல் கிடந்த வேஸ்ட் துணியை எடுத்தாள். தூணை அழுத்தித் துடைத்தாள்.

"ஏ மாதம்மா! வெள்ளிக்கெழமையும் அதுவுமா..." கிருபாகரன் பதறினார்.

தூணில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.

சம்பங்கி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் லேப்டாப் முன் உட்கார்ந்து, கண்டுகொள்ளாதே என்ற அந்த வரிகளை நீக்கினாள். புதுக் கோல் ஒன்றை எடுத்தாள். சாவியைப் போட்டு, பிரஸ்ஸை ஓடவிட்டு, கீழிருந்து மறுபடி ஆரம்பித்தாள். லோடு கிடக்கட்டும். முதலில் நன்றாக நின்ற இடங்களையும் விடவில்லை. ஒரு விரல் அகலம் மேலே ஒரு தடவை நீட்டினாள். இன்னொரு விரல் அகலம், இன்னொரு தடவை. கிருபாகரன் வாட்சைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நின்றது.

நின்றது.

நின்றது.

பொட்டு இருந்த இடம் வந்தது. அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். கோலை நீட்டினாள்.

நின்றது.

மீதி இடங்களையும் முடித்த பிறகுதான் பைக்குள் பேனாவைத் தேடினாள்.

மாதம்மாள் குங்குமக் கிண்ணத்தோடு வந்தாள். தூண் பக்கம் போகவில்லை. பிரஸ்ஸை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஆடிய ஸ்டூலைப் பேனாவும் கையுமாக அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிரஸ்ஸின் உச்சியில், வெறும் இரும்பில், மாதம்மாள் பொட்டு வைத்தாள்.

இறங்கினாள். வழக்கமான இடத்தில் வந்து நின்று, கையை முடிந்தவரை உயர்த்திப் பார்த்தாள்.

எட்டவில்லை.